ஹில்டாவின் உகுலேலேக்கு ஒரு வார்

உகுலேலேக்கு வார் தேவையே இல்லை, இன்ஸ்பெக்டர் இராஜசிங்கம். அது நாலு தந்திச் சின்ன வாத்தியம், கிட்டாரைப் போலத் தோளை இழுக்கும் சாமான் அல்ல. வலது முன்கையால் நெஞ்சோடு அணைத்து, இடது கையால் கழுத்தைத் தாங்கிக்கொண்டால் ஒரு முழுப் பூசைக்கும் நின்று வாசிக்கலாம். அதனால்தான் ஈப்போ வாத்தியக் கடைச் சீனரிடம் வாரும், அதை மாட்டும் குமிழும் கேட்டபோது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு கிட்டாருக்கு உள்ளதை எடுத்துக் கொடுத்து, நீயே பொருத்திக்கொள், மரம் வெடித்தால் என்னிடம் வராதே என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

வெடிக்கவில்லை. நேற்று சிலிபினில் எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்களே, ஒரு கீறலாவது இருந்ததா? "நல்ல வேலை" என்று உங்கள் வாயாலேயே சொன்னீர்கள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதை மறைப்பானேன்.

எப்படிச் செய்தேன் என்று கேட்டீர்கள். உகுலேலேயின் அடிப்பக்கத்தில், இரண்டு பக்கப் பலகைகளும் வந்து சேரும் இடத்தில், உள்ளே ஒரு மரக்கட்டையை ஒட்டியிருப்பார்கள். விரலால் தட்டிக்கொண்டே வந்தால் மற்ற இடமெல்லாம் வெறுங்கூடாக ஒலிக்கும், கட்டை இருக்கும் இடம் மட்டும் மந்தமாக ஒலிக்கும். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பதும் இப்படித்தான், அதனால் எனக்குச் சிரமமில்லை. அந்த இடத்தில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி ஒரு துண்டு ஒட்டிப் பென்சிலால் புள்ளி வைத்தேன். பிளாஸ்திரி இருந்தால் மரம் சிராய்க்காது. திருகாணியைவிட மெலிந்த அலகால் துளை போட்டேன். திருகாணிக்குச் சவுக்காரம் தடவினேன். குமிழ் மரத்தைக் கடிக்காமல் இருக்கப் பழைய ஜப்பான் சிலிப்பரின் ரப்பரில் ஒரு வட்டம் வெட்டி நடுவில் வைத்தேன். பிறகு திருப்புளியால் மெல்ல மெல்ல. குமிழ் உட்கார்ந்த பிறகும் கை இன்னும் ஒரு சுற்று கேட்கும். கொடுக்கக் கூடாது. பெரும்பாலோர் அங்கேதான் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கழுத்தின் அடியில் இரண்டாவது குமிழையும் அப்படியே போட்டு முடித்தேன்.

எந்த இறுக்கம் போதும் என்று என் கைக்குத் தெரியும். லகாட் பக்கத்தில், இப்போது துண்டு போட்டு விற்றுவிட்ட ரப்பர்த் தோட்டத்தில், நான்தான் ஆஸ்பத்திரி டிரெஸர். டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு நானே டாக்டர், நானே கம்பவுண்டர். பத்துமலையின் கால், ராக்காயியின் முழங்கை எல்லாம் நான் போட்ட மாவுக்கட்டில் கூடியவை. விசாரித்துப் பாருங்கள். லியோனார்ட் டிரெஸர் என்றால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஹில்டா என் தங்கை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பால்பற்கள்கூட விழவில்லை. தலை வாரிவிட்டதும், பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனதும், கோயிலில் முதல் நன்மை வாங்க வெள்ளைக் கவுன் தைத்துப் போட்டதும் நான்தான். எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்களிடம் பிறகு பார்க்கலாம் என்றேன். அந்தப் பிறகு வரவே இல்லை, நானும் தேடவில்லை. உகுலேலே வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அதற்காகப் பிற்பாடு என்னையே நொந்துகொண்டேன். அதை வாசிக்கப் போய்த்தானே மாதா கோயில் பாடகர் குழுவில் டொமினிக்கைச் சந்தித்தாள்.

டொமினிக் கெட்டவன் இல்லை. கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக். குடிக்க மாட்டான், பெரியவர்களைக் கண்டால் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்குவான். எழுபத்தெட்டாம் வருடம் கல்யாணம் பேசி முடித்தோம்.

"கமுந்திங்கிலயே வீடு பாத்திருக்காரு அண்ணே," என்றாள் ஹில்டா, எனக்குச் சோறு போட்டுக்கொண்டே. "நீங்க மாசத்துக்கு ஒரு தடவ பஸ் ஏறி வந்துட்டுப் போலாம் லா."

மாதத்துக்கு ஒரு தடவை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினேன். அந்த ஞாயிறு கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று. நான் முன் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு ஒரு தடையும் தெரியவில்லை.

அந்த வாரம் விடாத மழை. குளிக்கும் இடத்துச் சிமெண்டில் பாசி பிடித்திருந்தது. காலையில் துணி அலசப் போனவள் வழுக்கி விழுந்தாள். அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை. வலது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. ஈப்போவுக்குக் கொண்டுபோங்கள் என்று யாரும் சொல்லவில்லை. டிரெஸரின் தங்கைக்கு வேறு டாக்டர் எதற்கு? நானே மாவுக்கட்டுப் போட்டேன். இரண்டாவது ஓலையைத் தள்ளிவைத்தார்கள்.

கட்டைப் பிரித்தபோது விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிப் போயிருந்தன. அதன் பிறகு அவை திறக்கவில்லை. டொமினிக் வந்து அழுதான். பரவாயில்லை, கட்டிக்கொள்கிறேன் என்றான். அவனை வீட்டு முன்னால் அஞ்சடித் தாழ்வாரத்தில் உட்காரவைத்து உள்ளதைச் சொன்னேன். இந்தக் கையால் உலை வைக்க முடியாது, பிள்ளையைத் தூக்க முடியாது, உன் அம்மா எத்தனை நாளைக்குப் பொறுப்பார்? அதையே உள்ளே போய் அவளிடமும் சொன்னேன். அவள்தான் கல்யாணம் வேண்டாம் என்றாள். நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வாசிப்பை மட்டும் அவளிடமிருந்து போகவிடவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். வாரை மாட்டினால் உகுலேலே தானாகத் தொங்கும், அணைத்துப் பிடிக்க வேண்டியதில்லை. இடது கை தந்திகளை அழுத்தும். மூடிய வலது விரல்களுக்கு நடுவே தந்தி மீட்டும் பிக் ஒன்றைச் செருகிவிட்டால் போதும், விழவே விழாது. தோட்டம் கைமாறி நாங்கள் சிலிபினுக்கு வந்த பிறகும், சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் வாரை மாட்டிவிடுவேன். அவள் வாசிப்பாள். பாடுவதை விட்டுவிட்டாள். நாங்கள் சண்டை சச்சரவு இல்லாமல்தான் இருந்தோம்.

பெட்ரீசியா மேல் எனக்குக் கோபம் இல்லை. ஹில்டாவோடு ஒரே வகுப்பில் படித்தவள், இப்போது ஈப்போவில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். இத்தனை வருடம் கழித்து, போன மாதம் ஹில்டாவின் வலது கை அடுப்பில் சுட்டுவிட்டது. தோல் கருகும்வரை அவளுக்கே தெரியவில்லை, அந்தக் கையில் உணர்ச்சி கிடையாது. பெட்ரீசியாதான் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். அங்கிருந்த டாக்டர் விரல்களைப் பார்த்துவிட்டு, இது விழுந்ததால் வந்தது இல்லை, மாவுக்கட்டு நெரித்ததால் வந்தது என்று சொல்லியிருக்கிறார். கைத்தவறு யாருக்கும் நேரும் என்று அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பெட்ரீசியாவுக்கு ஞாபகசக்தி அதிகம், பழையதையெல்லாம் உங்களிடம் வந்து சொல்லிவிட்டாள். ஹில்டா விழுந்த மறுவாரம் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்திருந்தாள். நான் அஞ்சடியில் உட்கார்ந்து உகுலேலேயில் துளை போட்டுக்கொண்டிருந்தேன்.

"இது எதுக்குண்ணே?" என்று கேட்டாள்.

"இனிமே அவளுக்கு வேணும் லா," என்றேன்.

உள்ளே ஹில்டா கையில் கட்டோடு படுத்திருந்தாள். வீக்கம் வற்றினால் விரல் நிமிர்ந்துவிடும் என்று நான் சொல்லியிருந்தேன். கட்டுப் பிரித்ததும் கல்யாணக் கவுனுக்கு அளவு கொடுக்க வேண்டும், கூட வா என்று பெட்ரீசியாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதைத்தான் நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள், உங்கள் யாழ்ப்பாணத் தமிழில், குரலை உயர்த்தாமல். "கை சுகமாகும் எண்டுதானே எல்லாரும் இருந்தவை. வார் தேவைப்படும் எண்டு உமக்கு மட்டும் அப்பவே எப்பிடித் தெரிஞ்சது?"

நியாயமான கேள்வி. பொறுத்திருந்து, கட்டைப் பிரித்த பிறகு பொருத்தியிருக்க வேண்டும். அவள் ஒரு நாள்கூட வாசிக்காமல் ஏங்கக் கூடாது என்று அவசரப்பட்டுவிட்டேன்.

தெரிந்துதான் இருந்தது. மாவுக்கட்டுக்கு அடியில் நிறையப் பஞ்சு சுற்ற வேண்டும், வீங்குவதற்கு இடம் விட வேண்டும். நான் பஞ்சைக் குறைத்தேன், கட்டுத் துணியை இழுத்து இழுத்துச் சுற்றினேன். மத்தியானத்துக்குள் விரல்கள் நீலம் பாரித்தன, தொட்டால் சில்லென்று இருந்தன. விரலை நிமிர்த்தப் போனால் துடித்தாள். அப்போதே கட்டை வெட்டிப் பிளந்தால் கை பிழைக்கும், பொழுது சாய விட்டால் பிழைக்காது. கத்தரி என் சட்டைப் பையில்தான் இருந்தது. வலிக்கு மாத்திரை கொடுத்தேன். இறுகினால்தான் எலும்பு கூடும் என்றேன். நம்பினாள். டாக்டர் வந்தபோது அவளைக் காட்டவில்லை, சாதாரண முறிவு என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவள் பட்ட பாட்டைப் பார்க்க எனக்கும் வேதனையாகத்தான் இருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துவிட்டேன். மழை சத்தத்தில் அவள் முனகியது அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்காது. ஒரு தடவை தண்ணீர் எடுக்க எழுந்தேன். நல்ல கையால் என் சட்டையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன விட்டுட்டுப் போயிடாதீங்கண்ணே," என்றாள்.

அதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. போகாதே என்று கேட்டது அவள்தான். நான் அவளிடம் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.