முதல் இழுப்பு

பஞ்சு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சார், ஏனென்றால் வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது உங்கள் போலீஸ்காரர் ஒருவர் தன் வேப்பை, அதுதான் மின் சிகரெட்டை, திறந்துவைத்துக்கொண்டு டேங்குக்குள் பஞ்சைக் கட்டைவிரலால் குத்திக் குத்தி அடைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. அப்படி அடைத்தால் ஜூஸ் ஏறாது. இரண்டே இழுப்பில் கருகிய நாற்றம் தொண்டையைப் பிடிக்கும். பஞ்சின் இரண்டு வாலும் குழியின் அடியை லேசாகத் தொட்டுக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். போகும்போது அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறேன், நீங்கள் விட்டால்.

என் பெயர் பெலிசிமோ கதால்பாஸ். சிமோ என்றால்தான் ஊருக்குத் தெரியும். ஹாரோவில், தேவாலயத்துக்குப் பின் தெருவில் இருக்கும் மிலாக்ரோஸ் அக்காவின் வேப் கடையில் ஒன்பது வருஷமாகக் காயில், அதாவது பஞ்சில் ஊறிய ஜூஸைப் புகையாக்கும் கம்பிச்சுருள், கட்டுகிறேன். பக்கோலோடிலிருந்து படகேறி என்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பியைச் சுற்றுவது எவனுக்கும் வரும். சுற்றியதைத் திருகில் மாட்டி, சூடேற்றி, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே சீராகச் சிவக்கும்வரை இடுக்கியால் வருடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குக் கை வேண்டும். "சிமோ கை" என்று கடையில் ஒரு பேச்சே உண்டு.

இன்னொரு வழக்கமும் உண்டு. கட்டியவன்தான் முதல் இழுப்பு இழுக்க வேண்டும். பிறகுதான் சொந்தக்காரனிடம் கொடுப்போம். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வைத்திருப்பது வெறும் செம்புக் குழாய். உள்ளே ஒரு பேட்டரி, அடியில் ஒரு பொத்தான், தவறு நடந்தால் தடுக்க எதுவும் கிடையாது. "கட்டினவன் வாயில வெடிக்கலைன்னா வாங்கினவன் வாயிலயும் வெடிக்காது" என்பாள் மிலா அக்கா. ஒன்பது வருஷத்தில் நான் ஒரு முதல் இழுப்பையும் தட்டிக்கழித்ததில்லை. ஒன்றைத் தவிர.

போன வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம். மதியம் பட்சோய், எங்கள் ஊர் நூடுல்ஸ் சூப்பு, சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கரண்டி வாய்க்கு வருவதற்குள் சூப்பு பாதி சட்டையில் இருந்தது. குளிர் என்று நினைத்தேன். குளிரே இல்லை. மறுவாரம் இடுக்கி கையில் நிற்க மறுத்தது. டாக்டரிடம் போகவில்லை. போனால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார். பெயர் இல்லாதவரை அது வெறும் களைப்புதானே. நாற்பத்தேழு வயதில் இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்?

ரெனான் எனக்கு எதிர் மேஜை. இருபத்தெட்டு வயது, மூன்று வருஷமாகக் கட்டுகிறான். சுமாரான கை, நல்ல குணம். அவன் மனைவி ஷைரா தினம் சாப்பாடு கட்டி அனுப்புவாள், அதில் எனக்கும் ஒரு மீன் துண்டு இருக்கும். அவன்மீது எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை. இதை நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது.

டிசம்பரில் ஒருவர் தன் டேங்கைக் கழுவித் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். முந்திய வாரம் நான் கட்டியது. "சிமோ அண்ணன் காயில்னா காயில்தான்யா, வெண்ணெய் மாதிரி இறங்குது" என்றார். திறந்தேன். பஞ்சின் வால் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. நான் நேராக வெட்டுகிறவன். சாய்வாக வெட்டுவது ரெனான்.

அலமாரியில் மாலை எடுத்துப்போக வைத்திருந்த மற்ற டேங்குகளையும் திறந்தேன். ஐந்தில் நான்கு சாய்வு. காலையில் நான் கட்டிவைப்பதை, நான் சாப்பிடப் போகும் நேரத்தில் அவன் பிரித்துத் திருத்தியிருக்கிறான். எத்தனை வாரமாக என்று தெரியாது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிலா அக்காவிடமும் சொல்லவில்லை. நான் இழுத்துப் பார்த்து நன்றாக இருந்தவற்றைத்தான் அவன் பிரித்தான் என்பதையும் சொல்ல வேண்டும். நன்றாகத்தான் இருந்தன. பெரும்பாலும்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. எதிர் மேஜையில் அவன் தலை நிமிர்ந்தால் நான் இடுக்கியைக் கீழே வைத்துவிடுவேன். "அண்ணே, வெளிச்சம் பத்தலையா? என் விளக்கை எடுத்துக்கோங்க" என்பான். "அண்ணே, அந்த மெல்லிசுக் கம்பியை நான் சுத்தறேன், நீங்க காபி குடிச்சிட்டு வாங்க" என்பான். பிறர் காதில் விழாதபடி, தாழ்ந்த குரலில். அதுதான் என்னைக் கொன்றது. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒருவன் உங்கள் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு அன்பாகச் சிரித்துக்கொண்டே இருந்தால் எத்தனை நாள் பொறுப்பீர்கள்?

பிப்ரவரியில் மிலா அக்கா ஒரு ஏற்பாடு செய்தாள். சனிக்கிழமை கடையில் கூட்டம் கூட்டி, கேமரா வைத்து, என்னைக் காயில் கட்டச் சொல்லி நேரலையில் காட்டப்போவதாக. "உன் கையைப் பெரிசாக் காட்டப்போறோம் சிமோ. நகத்தை ஒழுங்கா வெட்டிக்கிட்டு வா, மானத்தை வாங்காதே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ரெனான் மட்டும் சிரிக்கவில்லை.

புதன்கிழமை என் மேஜைக்கு வந்து குனிந்தான். "அண்ணே, சனிக்கிழமை நீங்க வேணாம். ஏதாவது சாக்கு சொல்லிருங்க. இல்லைன்னா நான் அக்காகிட்ட பேசறேன்."

"என்னன்னு பேசுவே?"

"ஏதாவது சொல்லிக்கறேன் அண்ணே. உங்களை விட்டுக்குடுக்க மாட்டேன்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. "பேசறேன்" என்றது மட்டும்தான் கேட்டது. மற்றது பிறகு ஞாபகம் வந்தது.

வியாழன் காலை நானாகத்தான் கேட்டேன். "உன் டேங்கைக் குடுடா, புதுசாக் கட்டித் தரேன். எத்தனை நாளாச்சு உனக்குக் கட்டி." அவன் முகம் மலர்ந்துபோனது. என்னைச் சமாதானப்படுத்த ஒரு வாய்ப்பு என்று நினைத்திருப்பான். செம்புக் குழாயையும் டேங்கையும் துடைத்து என் முன்னால் வைத்தான்.

இருபது நிமிடம் கட்டினேன். நான் இதுவரை கட்டியதில் அதுதான் சிறந்தது. ஆறு சுற்று, ஒன்றோடொன்று ஒட்டி, நடுவிலிருந்து விளிம்புவரை ஒரே சிவப்பு. பஞ்சு சீவி நேராக வெட்டினேன். மூடி போடாமல் மீட்டரில் வைத்துக் காட்டினேன். எண் சரியாக இருந்தது. காயிலின் ஒரு காலை, கம்பி முனையை, மட்டும் வெட்டாமல் கொஞ்சம் வெளியே நீட்டி விட்டிருந்தேன். மூடியைத் திருகினால் அது உரசும், பொத்தானை அழுத்தியதும் மின்சாரம் குறுக்கே பாய்ந்து பேட்டரி வெடிக்கும். மூடியில்லாத மீட்டருக்கு அது தெரியாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் நாங்கள் சொல்லிக்கொடுக்கும் எச்சரிக்கை இதுதான்.

ரெனான் எட்டிப் பார்த்தான். "ஒரு தடவை பாக்கட்டுமா அண்ணே?"

"என்னத்தைப் பாக்கப்போறே?" என்றேன்.

பக்கத்தில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்கள் சிரித்துவிட்டார்கள். "சிமோ கட்டினதை இவன் சரிபாக்கறானாம்! நேத்து முளைச்ச காளான்" என்றார் ஒருவர். ரெனான் முகம் சிவந்து கையை இழுத்துக்கொண்டான். என் முதுகுக்குப் பின்னால் நூறு தடவை பிரித்துப் பார்த்தவன். நாலு பேர் எதிரில் பார்த்தால் எனக்கு அவமானம் என்று விட்டுவிட்டான். அப்படித்தான் செய்வான் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

மூடியைத் திருகி, ஜூஸ் ஊற்றி, குழாயில் பொருத்தி நீட்டினேன்.

"முதல் இழுப்பு அண்ணே?"

"நேத்திலேர்ந்து தொண்டை சரியில்லைடா. நீயே இழு."

எழுந்து அலமாரிக்குப் போய் ஜூஸ் பாட்டில்களை வரிசைப்படுத்தினேன். அவை ஏற்கெனவே வரிசையாகத்தான் இருந்தன. சத்தம் பெரிதாக இல்லை. தகரக் கூரையில் தேங்காய் விழுந்த மாதிரி. திரும்பியபோது அவன் உட்கார்ந்துதான் இருந்தான். வாய் இருந்த இடத்தைப் பற்றி ஆஸ்பத்திரி அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள், நான் சொல்ல வேண்டாம். துண்டை எடுத்து அழுத்திப் பிடித்தவன் நான்தான். ஆம்புலன்ஸில் கூடப் போனதும் நான்தான். அவன் என் மணிக்கட்டை விடவே இல்லை.

மூன்றாம் நாள் போய்விட்டான். பேட்டரி கோளாறு என்று நீங்களே எழுதி முடித்துவிட்டீர்கள். எனக்குப் பயம் விட்டது. சனிக்கிழமைக் கூட்டமும் நின்றுபோனது. நான் தப்பித்துவிட்டேன் சார். பிறகு ஏன் வந்தேன் என்றுதானே கேட்கிறீர்கள்?

நேற்று மதியம் அவன் வீட்டில் சவப்பெட்டிக்கு அருகே உட்கார்ந்திருந்தோம். எங்கள் ஊர்த் துக்க வீட்டு வழக்கப்படி முற்றத்தில் ஆட்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஷைரா பிஸ்கட் தட்டை வைத்துவிட்டு ஒரு காகிதத்தை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் பேச முடியாமல் அவன் எழுதியதாம். எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள். "சிமோ அண்ணனை யாரும் திட்டாதீங்க. ரொம்ப நாளா அவருக்குக் கை நடுங்குது. எனக்குத் தெரியும். நான்தான் பாத்திருக்கணும்."

சீட்டாட்டம் நின்றுவிட்டது. மிலா அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா சிமோ? ஆனைக்கும் அடி சறுக்கும். மனசைத் தேத்திக்கோ" என்றாள். ஒவ்வொருவராக வந்தார்கள். பாவம், பாவம் என்றார்கள். பக்கோலோடிலிருந்து வந்திருந்த வாடிக்கையாளர்கூட என் விரல்களைப் பார்த்தார். அப்படியொரு பயத்தை நான் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை. ஓடிவந்துவிட்டேன்.

அதனால் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அது சறுக்கல் இல்லை, களைப்பு இல்லை, கை தவறியதும் இல்லை. அந்தக் கால் எங்கே நீட்டியிருக்க வேண்டும் என்று நினைத்தேனோ அங்கேதான் நீட்டியிருந்தது, மயிரிழை பிசகாமல். ரெனானை நான்தான் கொன்றேன். வேண்டுமென்றே, நிதானமாக, கை துளியும் ஆடாமல். மிலா அக்காவிடம் இதை ஒரு வார்த்தை விடாமல் படித்துக் காட்டுங்கள். வாடிக்கையாளர்களுக்கும் தெரியட்டும்.

எங்கே போட வேண்டும், இங்கேயா? கொடுங்கள். மன்னிக்கவும் சார், கையெழுத்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. உங்கள் பேனா சரியில்லை.