ஒயரைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள்

சேத்துப்பட்டு போகிற பஸ் ஆரணி ஸ்டாண்டை விட்டுக் கிளம்பவே இல்லை. எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் மடியில் அட்டைப்பெட்டி. அதில் யாருடையதோ கல்யாணப் பட்டுப்புடவை, கொசுவம் மடித்துத் தேய்த்து, கிளிப் போட்டு இருந்தது.

“பத்து நாளா எங்க ஊட்டுக்காரு குடிக்கல. ஒயர புட்ச்சிகினு நிக்கிறாரு,” என்றாள்.

நான் போனைப் பைக்குள் போட்டேன்.

“இன்னாக்கா சொல்ற?” என்றாள் இளையவள்.

“முடிய நேராக்குற ஸ்ட்ரெயிட்னர்லதான கூலிக்குக் கொசுவம் தேய்க்கிறேன்? பிடிகிட்ட ஒயரு அறுந்துபோச்சு. அவரே கயட்டி, முறுக்கி, டேப்பு சுத்தினாரு. ஆனா ஒயர மேல தூக்கிப் புட்சாதான் சூடாவுது. உட்டா அணைஞ்சிடுது.”

“அதனால?”

“சாயங்காலம் அவரு ஒயின்ஷாப்புக்குக் கெளம்புற நேரத்துக்கு நான் புடவைய விரிச்சிடுவேன். திட்டிகினே புடிப்பாரு. கடை சாத்துற வரைக்கும் உடமாட்டேன்.”

“அவ்ளோ நேரம் குனிஞ்சி தேய்ச்சா உனுக்கும் இடுப்பு போயிடுமேக்கா. ரிப்பேர் கடைல குடுத்தா புது ஒயரு போட்டுத் தருவாங்க.”

“நேத்து அவரே வாங்கியாந்து போட்டுட்டாரு. நல்லா சூடாவுது. இனிமே யாரும் புடிக்கத் தேவயில்லன்னாரு.”

டிரைவர் ஏறி உட்கார்ந்தார்.

மூத்தவள் கண்ணை மூடி, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

“காலையில அவரு வேலைக்குப் போனதும், ஸ்க்ரூவ கயட்டி அந்த ஒயர இழுத்து உட்டுட்டேன்.”