காற்று எதிரே இருக்கிறது

எங்கள் படகில் கழிப்பறைக் கதவு சரியாக மூடாது. உள்ளே போகிறவர் வெளியே வரும்வரை சத்தமாகப் பாடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது குடும்பச் சட்டம். மகளுக்குச் சுருதி சேராது. அவள் ஆரம்பித்தால் என் மனைவி காதைப் பொத்திக்கொண்டு மேலே ஓடி வந்துவிடுவாள். படகைப் பற்றிக் கேட்டீர்கள், அதனால் இதைச் சொல்கிறேன்.

சின்னப் பாய்மரப் படகு. உள்ளே ஒரே அறை, முழங்கால் இடிக்க நாலு பேர் உட்காரலாம். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு அது அதிகப்படிதான். ஆனால் வீட்டில் ஆளுக்கொரு அறை, அறைக்கொரு கதவு. சாப்பிடக் கூப்பிட்டால், "வெச்சிட்டுப் போங்க" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும். படகில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒருத்தர் புரண்டு படுத்தால் மற்றவருக்குத் தூக்கம் கலையும். நாங்கள் சண்டை போட்டதும் சமாதானம் ஆனதும் அங்கேதான்.

மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. போவதற்கு முன் ஒருமுறை மூவரும் கடலுக்குப் போய்வரலாம் என்றேன்.

"சனி, ஞாயிறு மட்டும்தான்ப்பா. புதன்கிழமை எனக்கு ஃப்ளைட்."

"தெரியும்மா" என்றேன்.

போன்கள் நனையாமல் இருக்க, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைப்பது வழக்கம். கரை மறைந்த பிறகு அந்தப் பை கடலில் விழுந்தது. கைதவறி விழுந்ததாகத்தான் அவர்களிடம் சொன்னேன். வயர்லெஸ்ஸின் ஃப்யூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இன்ஜினில் அடைப்பு என்றேன். நான் சொன்னால் நம்புவார்கள். பாயை எப்படித் திருப்புவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. நான் கற்றுக்கொடுத்ததில்லை.

ஞாயிறு மாலை மகள் கேட்டாள். "ஏம்ப்பா இன்னும் கரையே தெரியல?"

"காத்து எதிர்ல இருக்கு. வளைஞ்சு வளைஞ்சுதான் போகணும். கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும்."

கோபப்பட்டாள். பிறகு வேறு வேலையில்லாததால் பேச ஆரம்பித்தாள். கல்லூரியில் ஒருவனைப் பிடித்திருந்தது, அவன் இவளுடைய தோழியைக் கல்யாணம் செய்துகொண்டான் என்ற கதையெல்லாம் சொன்னாள். அவள் அம்மா சிரித்துக்கொண்டே, "நல்லவேளை, அந்த மூக்கு என் பேரப்பிள்ளைக்கு வராம தப்பிச்சுது" என்றாள். அந்தப் பேச்சை நான் சுக்கானைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். படகு கரைக்கு எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

என் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. தினமும் ஊசி போட வேண்டும். மருந்தைக் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்து வந்திருந்தாள். எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அது தீர்ந்ததும் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாள். மூச்சு வாங்கியது.

"அப்பா, கரை எந்தப் பக்கம்?" என்றாள் மகள்.

சூரியன் நேர் உச்சியில் இருந்தது. நான் ஒரு பக்கம் கையைக் காட்டினேன். அவள் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை கடந்த பிறகும் ஏன் திரும்பவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. திரும்பியிருந்தால் அவள் வேறு டிக்கெட் எடுத்திருப்பாள்.

வியாழக்கிழமை ஒரு மீன்பிடிப் படகு எங்களைக் கடந்து போனது. அதில் இருந்தவர் வேகத்தைக் குறைத்து, ஏதாவது வேண்டுமா என்று சைகையில் கேட்டார். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். இன்ஜின் சத்தம் கேட்டு மகள் உள்ளேயிருந்து ஓடி வருவதற்குள் அது தூரம் போய்விட்டது.

"கூப்பிட்டீங்களாப்பா?"

"கத்திக் கத்திப் பாத்தேம்மா. காதுல விழல."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். நான் அவள் தலையைத் தடவினேன். சின்னப் பிள்ளையில் தடவியது, அதற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

அன்று சாயங்காலம் மனைவி என்னைத் தனியாக அருகே கூப்பிட்டாள். உதடு வெடித்திருந்தது. "போதுங்க. அவள விட்டுருங்க" என்றாள். ஜன்னியில் உளறுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். உளறல் இல்லை என்பது எனக்குத் தெரியும். போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு மேலே வந்தேன். விடிவதற்குள் இறந்துவிட்டாள்.

அதுவரை காலை வேளைகளில் அம்மாவின் பக்கத்திலேயே இருந்த மகள், அன்று சூரியன் எழுந்தபோது மேலே வந்தாள். கரைக்கு எதிரில்தான் சூரியன் உதிக்கும் என்பது எங்கள் ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். படகின் முகப்பைப் பார்த்தாள், சூரியனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

துறைமுக அலுவலகத்தில் நாங்கள் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்று நான் சொல்லியிருந்தது உண்மை. அதனால்தான் யாரும் தேடவில்லை. அந்த மீன்பிடிப் படகுக்காரருக்குத்தான் மனது கேட்கவில்லை போலிருக்கிறது. கரைக்குத் திரும்ப நல்ல காற்று இருக்கும்போது இவ்வளவு தூரத்தில் கரையை விட்டு விலகியே போகிறார்களே என்று கடலோரக் காவல்படையிடம் சொல்லியிருக்கிறார். மத்தியானம் அவர்கள் வந்து எங்களை ஏற்றிக்கொண்டார்கள்.

நான் எதையும் மறுக்கவில்லை. பையைப் போட்டது நான், திசையை மாற்றிச் சொன்னது நான், மருந்து தீரும் என்று தெரிந்தே போனது நான். ஆனால் வாக்குமூலத்தில் குடும்பத்தைச் சிதைத்தவன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். காவல்படைப் படகில் இடம் குறைவு. மகள் ஒரு மூலையில் தன் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கால்களை நான் என் மடியில் வைத்துக்கொண்டேன். நாங்கள் மூன்று பேரும் அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.