உம் கொட்டியது குற்றமாம்!

ஆண்டவருக்கு அடுத்தபடியாக நான் அஞ்சுகின்ற அவைத்தலைவர், போதகர் ஹாலிஸ் அவர்களே! வெள்ளைத் தொப்பியும் வெள்ளைக் கையுறையுமாக முன்வரிசையை முழுநிலவாக்கியிருக்கும் சபைத் தாய்மார்களே! கெளுத்தி மீன் பொரித்த கையோடு கதவோரம் நிற்கும் சகோதரர்களே! அலபாமா மண்ணின் அன்பு மக்களே! லூத்தர் பெட்வேயின் தங்கை டெலோரா வணங்குகிறேன்.

என்ன, மீன் ஆறுகிறதா? ஆறட்டும் ஐயா! மரணதண்டனைக் கொட்டடியில் என் அண்ணன் ஆறாத மனத்தோடு அத்தனை ஆண்டுகள் கிடந்தாரே!

கொலை செய்யாதவருக்குக் கொலைப்பழி! தீர்ப்புச் சொல்ல ஊர்மக்களிலிருந்து எடுத்த ஜூரிகள் பன்னிருவரும் வெள்ளையர். ஜூரிக்குக் கறுப்பரான நம்மவரை அழைக்கவில்லையா? அழைத்தார்கள். வந்தோமா? வந்தோம். அமர்ந்தோமா? அமரவிட்டால்தானே! அரசு வழக்கறிஞர் ஒவ்வொருவராக விலக்கினார். இதோ, எர்லீன் அத்தை செய்த குற்றம் என்ன? நீதிபதி சட்டம் விளக்கும்போது, "உம்… உம்… ஆமாங்கய்யா" என்றார். அவ்வளவே! 'இவர் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டார்' என்று எழுப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஒருவர் பேசும்போது உம் கொட்டாமல் இருக்க நமக்குத் தெரியுமா? அதோ, இப்போதும் கொட்டுகிறீர்களே!

அப்போதுதான் வந்தார், அஞ்சாத நெஞ்சும் அடங்காத நாவும் கொண்ட வழக்கறிஞர் ரெனெட்டா சைக்ஸ்! விலக்கப்பட்டவர்களை வீடு வீடாகத் தேடிப் போனார்.

"எதுக்கு அனுப்புனாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் புரியலம்மா. மரியாதையா காது குடுத்துக் கேட்டேன், அது தப்பா?" என்றார் அத்தை.

"அத்தே, இதைத்தான் நான் கோர்ட்டுல கேக்கப்போறேன்!" என்று துள்ளி எழுந்தார் ரெனெட்டா.

மேல்முறையீட்டு நாள் வந்தது. நீதிபதி வெள்ளையர், ஆனாலும் ஞாயிறு தவறாமல் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர். ரெனெட்டா வாதாட வாதாட, தம்மை அறியாமலே "உம்… உம்…" என்றார். ரெனெட்டா சட்டென்று நிறுத்தினார்.

"ஐயா, காலைலேர்ந்து உம் கொட்டிட்டே இருக்கீங்க. என் பக்கம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"சேச்சே, இல்லம்மா! கவனிக்கிறேன்னு காட்டத்தான்…"

"எர்லீன் அத்தையும் அதைத்தாங்கய்யா செஞ்சாங்க. நீங்க வெளுப்பு, அவங்க கறுப்பு. வேற வித்தியாசம் எனக்குத் தெரியல."

மன்றமே சிரித்தது! நீதிபதியின் முகம் சிவந்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டார். பழைய தீர்ப்பை ரத்து செய்தார். மறுவிசாரணையில் நம்மவரும் ஜூரியில் அமர்ந்தார்கள். பொய்ச்சாட்சி பல்லிளித்தது. குற்றமற்றவர் என்ற தீர்ப்போடு அண்ணன் வீடு வந்தார்!

கைதட்டல் போதும், கேளுங்கள். போன வாரம் அண்ணனுக்கு நீதிமன்ற அழைப்பு வந்தது. பதறாதீர்கள், ஜூரியாக வரவேண்டுமாம்! அண்ணன் ஆடிப்போய் ரெனெட்டாவுக்குப் போன் போட்டார்.

"அம்மா, என்னையும் எழுப்பி அனுப்பிட்டா?"

"அனுப்பட்டும் லூத்தர் அண்ணே. ஏன்னு கேக்க நான் இருக்கேன். நீங்க சட்டையைத் தேய்ச்சுப் போட்டுட்டுப் போங்க."

நாளைக் காலை போகிறார்! சாகச் சொன்ன அதே நீதிமன்றத்துக்கு என் அண்ணன் நீதி சொல்லப் போகிறார்! உங்கள் வீட்டுக்கும் அந்த அழைப்பு வரும். வேலை என்று சொல்லாதீர்கள், வெயில் என்று சொல்லாதீர்கள். நாம் போகாத இடத்தில்தான் நம் பிள்ளைகளுக்குச் சாவு எழுதப்படுகிறது. போங்கள்! அமருங்கள்! எழுந்திரு என்றால், ஏன் என்று கேளுங்கள்!

என் அண்ணனை உயிரோடு திருப்பித் தந்த ரெனெட்டாவுக்கும், மனம் நிறைய மகிழ்ந்திருக்கும் உங்களுக்கும் நன்றி. எல்லோருக்கும் என் வணக்கம்!