கேம் பொட்டியில நெட்டு

— தொட்டியா இல்லையா, அதை மட்டும் சொல்லு ராணி. வேலையில இருந்து வந்து அரை மணி நேரமா மல்லுக்கட்டறேன், கேம் ஆன்லைன்ல போவவே மாட்டேங்குது. வைஃபை கோடு முழுசா காட்டுது. டிவியில நெட்டு ஓடுது. இதுல மட்டும் ஏன் வரலை?

— தொட்டேங்க.

— தொட்டேன்னு எவ்வளவு தைரியமா சொல்றா பாரு! அம்மா, கேட்டுக்க உன் மருமக பேச்சை.

— அட வுடு மாதவா. வெளக்கு வைக்கிற நேரத்துல எதுக்குக் கத்தற? காப்பியக் குடி, ஆறிப் போவுது. யுவராணி, நீயும் கொஞ்சம் சும்மா இரும்மா. அவன் இப்பத்தான் வண்டிய வுட்டு எறங்கினான்.

— சும்மாதான் இருக்கேன் அத்தை. கேட்டாரு, சொன்னேன்.

— என்னத்தைப் பண்ணி வச்ச?

— செட்டிங்ல ஒரு நம்பரை மாத்தினேன். டிஎன்எஸ்னு இருக்கும். பழையபடி வச்சா உங்க கேம் ஓடும். குடுங்க, ஒரு நிமிசத்துல மாத்தித் தரேன்.

— கைய எடு. என் கேம் பொட்டியில உனக்கு என்ன நம்பரு வேண்டிக் கெடக்கு?

— நெட்டு பாத்தேன்.

— இதுலயா? இதுல பிரௌசரே கெடையாது. நாலு வருசமா கையில வச்சிருக்கறவன் நான். எங்கிட்டயே கதை விடற!

— இருக்குதுங்க. உள்ள ஒளிச்சு வச்சிருக்கான். லாட்ஜு, ரயில்வே ஸ்டேசன் மாதிரி எடத்துல வைஃபை போட்டா, மொதல்ல ஒரு பக்கம் வந்து பேரு, நம்பரு கேக்கும் பாருங்க, அதுக்கு மட்டும் தலைய நீட்டும். அந்த டிஎன்எஸ்ஸை மாத்தினா நம்ம வூட்டு வைஃபைக்கும் அதே மாதிரி நீட்டும். அதைப் புடிச்சுக்கிட்டே எந்தப் பக்கத்துக்கு வேணும்னாலும் போயிரலாம்.

— இதெல்லாம் எவன் சொல்லிக் குடுத்தான் உனக்கு?

— எவன்னு கேக்காதீங்க. எங்கண்ணன் சின்னராஜ். மாப்பிள்ளை கேக்கறாருன்னு பெங்களூரு முழுக்க அலைஞ்சு இதை வாங்கியாந்தானே, சீர்த்தட்டுல பட்டு வேட்டி மேல வச்சுக் குடுத்தோமே, அதுக்கு முந்தின வாரம் நானும் அவனும் பண்ணிப் பாத்தது. நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படிச்சவங்க. அது உங்களுக்கு மறந்தே போச்சு.

— பாத்தியாம்மா? சீரைச் சொல்லிக் காட்டறா!

— ஏம்மா, குடுத்த பொருளைச் சொல்லிக் காட்டலாமா? தப்பும்மா.

— போன் இருந்தா நான் ஏன் அத்தை இந்தப் பொட்டியத் தொடறேன்? கிளார்க்கு பரிச்சை ரிசல்ட் வந்த அன்னிக்கு என் போனைப் புடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டினாரு. மூணு வாரமாச்சு.

— ஏன் பூட்டினேன்? ஸ்டடி குரூப்பாம் ஸ்டடி குரூப்பு! அதுல பதினாலு பேரு ஆம்பளைங்க. எண்ணிப் பாத்துட்டுத்தான் பூட்டினேன். காலங்காத்தால ஒருத்தன் குட் மார்னிங் சிஸ்டர்ங்கறான்!

— சிஸ்டர்னுதானங்க சொன்னான்! அந்தப் பதினாலு பேரோட பதினஞ்சாவதா நீங்களும்தான் இருந்தீங்க. ரெண்டு தரம் பரிச்சை எழுதி வரலைன்னதும் வெளிய வந்துட்டீங்க. அது வரைக்கும் அது நல்ல குரூப்பு!

— ஏய்! வாய்க்கு வந்தபடி பேசாத, சொல்லிட்டேன்!

— யுவராணி, போதும்மா.

— போதாது அத்தை. வயிறு எரியுது எனக்கு. வைக்கப்போருல படுத்த நாய் கதையா இருக்குது, தானும் திங்காது, மாட்டையும் திங்க வுடாது.

— நாயிங்கறா! அம்மா, நாயிங்கறா என்னை!

— அது பழமொழிடா. நீ உக்காரு. ஏம்மா, கட்டின புருசனைப் போயி...

— புருசன் செஞ்சதையும் கேளுங்க. கிளார்க்கு வேலைக்கு நான் பாஸ் பண்ணியிருக்கேன். சர்டிபிகேட் பாக்க மெட்ராசுக்கு எந்தத் தேதியில வரேன்னு ஆன்லைன்ல பதியணும். பதியலைன்னா என் பேரை அடிச்சுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவான். இன்னிக்கு அஞ்சு மணியோட முடிஞ்சுது. தினமும் காலையில இவர் பின்னாடியே போயிக் கேட்டேன், ஒரு பத்து நிமிசம் போனைக் குடுங்கன்னு. பாக்கலாம் பாக்கலாம்னாரு. அதியமான்கோட்டையில பஸ் ஏறினா தர்மபுரி, அங்க பிரௌசிங் சென்டர்ல பண்ணிக்கறேன்னேன். தனியா எதுக்குன்னாரு. சரி, கூட வாங்கன்னேன். லீவு இல்லைன்னாரு. அப்புறந்தான் எனக்குப் புரிஞ்சுது. அஞ்சு மணி தாண்டட்டும்னுதான் இவரு நாளை ஓட்டிக்கிட்டு இருந்தாரு!

— ஆமா, அப்படித்தான். தாண்டியாச்சில்ல? இப்ப என்ன பண்ணுவ?

— ஒண்ணும் பண்ண வேண்டியதில்லீங்க. நாலே முக்காலுக்கே பதிஞ்சுட்டேன். செவ்வாக்கெழமை காலையில பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கான்.

— இந்தப் பொட்டியிலயா?

— இதுலதான். அந்த டிஎன்எஸ் நம்பர்ல கடைசித் துண்டு எனக்கு மறந்து போச்சு. நீங்க வேலைக்குப் போனதும் உக்காந்து, ஒண்ணு, ரெண்டுன்னு ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்தேன், மூணு நாளு. நீங்க வர்றதுக்குள்ள பழையபடி மாத்தி வச்சுருவேன். இன்னிக்குக் கெடைச்சுது. பொட்டி ஓரத்துல இருக்கற அந்தக் குச்சியைத் தள்ளித் தள்ளி ஒவ்வொரு எழுத்தா அடிச்சு, நடுவுல ரெண்டு தரம் பக்கம் தொங்கிப் போயி, கட்டை விரலே வீங்கிப் போச்சு. முடிஞ்ச சந்தோசத்துல மாத்தி வைக்க மறந்துட்டேன். அதான் மாட்டிக்கிட்டேன்.

— பொய்! ஓடிபி இல்லாம எவன் உள்ள வுடுவான்? உன் போன் சுவிட்ச் ஆஃப்ல பீரோவுல கெடக்குது. இதை முட்டாப்பய எவங்கிட்டயாவது போயிச் சொல்லு.

— என் போனுக்கு வரலீங்க. அப்ளிகேசன் போட்டப்ப நீங்க குடுத்தீங்களே, அந்த நம்பருக்கு வந்துச்சு.

— நான் எந்த நம்பரைக் குடுத்தேன்?

— பொம்பள நம்பரைக் குடுத்தா கண்டவனும் கூப்பிடுவான்னு, அத்தையோட பட்டன் போன் நம்பரைப் போடச் சொன்னீங்க. பிரௌசிங் சென்டர்ல நான் உங்க பக்கத்துலதான் நின்னேன்.

— அப்ப அம்மா போனை எடுத்து நோண்டியிருக்க! அம்மா, பாத்துக்க. உனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு உன்னையே ஏமாத்தியிருக்கா. இவளுக்குப் போயி பழமொழி, கிழமொழின்னு பரிஞ்சு பேசறியே! கேளும்மா, நல்லா நறுக்குனு நாலு வார்த்தை கேளு!

— அவ எங்கடா எடுத்தா? போனு என் இடுப்புலதான் சொருகியிருந்துச்சு. எனக்கு எழுத்துதான் தெரியாது, நம்பரு தெரியும். மொதத் தரம் நான் தடுமாறிச் சொல்றதுக்குள்ள டைமு போயிருச்சு, ரெண்டாந்தரம் கறந்துக்கிட்டிருந்த மாட்டை அப்படியே வுட்டுட்டு ஓடியாந்து ஆறு நம்பரையும் கத்திச் சொன்னேன். திங்கக்கெழமை மொரப்பூர்ல நானும் அவகூட ரயிலு ஏறறேன் சாமி, நீ ரெண்டு நாளைக்கு லீவு போட்டுட்டு மாட்டைப் பாத்துக்க.