நடுச்சுவர்

சின்னமனூரில் பஸ் ஏறிய அப்பாவும் மகளும் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். அவர் மடியில் தங்கள் ஊர்ச் சாவு வீட்டுக்கு அங்கே வந்து வாங்கிய ரோஜா மாலை. மகள் போனில் யாரிடமோ கண்டிப்பாகச் சொன்னாள்: "ரெண்டும் ஒரே மெஷின்லதான் ஓடுது. ஆனா ஒண்ணு பேசுறது இன்னொண்ணுக்குக் கேக்கவே கூடாது."

அவள் போனை வைத்ததும் அவர் கேட்டார்.

"யாருக்குத்தா கேக்கக் கூடாது?"

"கம்ப்யூட்டர்ப்பா. ஒரு பெரிய மெஷினப் பிரிச்சு ரெண்டு கம்பெனிக்கு விட்டிருக்கோம். ஒருத்தர் நெட்வொர்க்குல போறது அடுத்தவகளுக்குத் தெரியாமத் தடுக்கிறதுதான் என் வேலை."

"ஒரே கூரைக்குள்ள இருந்துக்கிட்டா? சத்தங்கூடக் கேக்காதா?"

"துளிகூடக் கேக்காதுப்பா."

மாலையிலிருந்து உதிர்ந்த இதழ்களை அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அனுமந்தன்பட்டி நெருங்கும்போதுதான் மறுபடி பேசினார்.

"நம்ம வீட்டப் பிரிச்சு வச்ச செவரு அப்படியில்லத்தா. அந்தப் பக்கம் ஒன் பெரியப்பா நாலு நாளா இருமுனாக. அம்புட்டும் எனக்குக் கேட்டுச்சு. வீம்புல எட்டிப் பாக்கல."

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து இருமல் நின்னுச்சு. சொகமாயிருச்சு போலன்னு நெனச்சுட்டேன்."