போன வாரம் ஜெயித்தோமா

ஈரத் துண்டை ஒழுங்காகப் பிழியத் தெரியாதவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். சொட்டச் சொட்டக் கொண்டுவந்து அடிபட்டவன் முகத்தில் வைப்பார்கள். நான் அப்படியில்லை சார். தேசிய கால்பந்து லீக்கின் முதல் பிரிவில் ஆடிய அணிக்குப் பல வருடம் பிசியோவாக இருந்தவன்.

அந்த சீசனில் நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்தோம். கடைசி இடம் வந்தால் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். உருப்படியாக ஆடியவன் தற்காப்பில் நின்ற என் அக்கா மகன் ஒருவன்தான். எந்தப் பந்து வந்தாலும் தலையைக் கொடுப்பான். அவன்மேல் எனக்கு உயிர். "நீ பக்கத்துல இருக்கேங்கிற தைரியத்துலதான்டா அவனை அனுப்பறேன்" என்பாள் அக்கா.

தலையில் அடிபட்டால், நடுவர் முன்னால் நான் சில கேள்விகள் கேட்க வேண்டும். இது எந்த மைதானம், எந்தப் பாதி, கடைசி கோலை அடித்தது யார், போன வாரம் யாருடன் ஆடினோம், ஜெயித்தோமா. ஒன்று தப்பினாலும் வெளியே கூட்டிவந்துவிட வேண்டும். முதல் தடவை அவன் திருதிருவென்று முழித்தான். முகம் துடைக்கும் சாக்கில் பதில்களைக் காதில் சொன்னேன். அப்படியே ஒப்பித்தான். போன வாரம் ஜெயித்தோமா என்பதற்கு மட்டும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. அந்த சீசனில் அதற்கு ஒரே பதில்தான்.

பிறகு அது எங்களுக்குப் பழகிவிட்டது. பஸ்ஸில் வாந்தி எடுத்தான், வெயில் என்றேன். ஷூ லேஸ் கட்டத் தடுமாறினான். நானே குனிந்து கட்டிவிட்டேன். மாமன் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்?

கடைசி ஆட்டம் முடிவதற்குள் யாரும் தொடாமலே சுருண்டு விழுந்தான். மறுநாள் இறந்துபோனான். நாங்கள் அந்த ஆட்டத்திலும் தோற்று இரண்டாம் பிரிவுக்கு இறங்கினோம். அவன் ஆசைப்பட்டுத்தான் ஆடினான் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அதை நம்பித்தான் அவள் ஒரு வேளையாவது சாப்பிடுகிறாள். அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

விழுவதற்குச் சற்று முன் எதிரணிக்காரனின் முழங்கை அவன் நெற்றிப்பொட்டில் பட்டது. நான் ஓடிப்போய்க் குனிந்து பதில்களைச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் மாமா. தலை தாங்கல. என்னை வெளிய கூட்டிட்டுப் போயிடுங்க."

மைதானத்தில் ஒரே இரைச்சல். நடுவர் காதில் அது விழவில்லை. "என்ன சொல்றான்?" என்று கேட்டார்.

"ஆடறேங்கிறான் சார்" என்றேன்.